பாதை அமைத்த தலைவி: சாந்தா ரங்கசாமி அம்மையாரின் கிரிக்கெட் வாழ்வு

வரலாறு என்னும் சொல்லைக் கேட்ட அளவிலே முடியரசர்களும் படையெடுப்புகளும் கோட்டை கொத்தளங்களும் நம் மனக்கண்முன் தோன்றுதல் இயல்பு. ஆயினும் ஒரு நாட்டின் வரலாறு போர்க்களத்தில் மட்டும் எழுதப்படுவதன்று. ஏர்க்களத்திலும் எழுதப்படும், ஆடுகளத்திலும் எழுதப்படும். அவ்வாறு ஆடுகளத்தில் எழுதப்பெற்ற ஒரு வரலாற்றையே இவ்வாண்டு மலரில் நம் குடும்பங்களின் பார்வைக்கு வைக்க விழைகின்றோம்.

அத்திபெலேயில் வாழும் நாம் இரு மாநிலங்களின் எல்லையில் வாழ்பவர்கள். நம் இல்லங்களுக்கு அருகே செல்லும் ஓசூர் நெடுஞ்சாலையின் ஒரு முனை பெங்களூர் மாநகர். மறு திசையில் சென்றால் சென்னையை அடையலாம். இவ்விரு நகரங்களுக்கும் உரிய ஒரு பெண்மணி, இந்திய மகளிர் கிரிக்கெட்டின் முதல் டெஸ்ட் தலைவியாகத் திகழ்ந்தார். அவர்தாம் சாந்தா ரங்கசாமி அம்மையார். 1954ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் முதல் நாள் சென்னையிலே பிறந்தவர். கர்நாடக அணிக்கு ஆடிப் புகழ் பெற்றவர். அவருடைய பெயரை நம் பெரியவர்களிற் சிலர் அறிவர். நம் இல்லத்துச் சிறுமியரோ இன்றைய வீராங்கனையரின் பெயர்களை மனப்பாடமாக ஒப்பிப்பரேயன்றி, அவர்களுக்கு வழி திறந்தவரின் பெயரை அறியார். இக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மகளிரும் ஆடலும்

பெண்கள் களத்தில் ஆடுவது நம் பண்பாட்டுக்குப் புதிது என்று கருதுவோர் இன்றும் உளர். அது பொருந்தாக் கருத்து. பழந்தமிழ் இலக்கியங்களைப் புரட்டுவோர் பந்தாடும் மகளிரையும், கழங்காடும் மகளிரையும், ஊசலாடும் மகளிரையும் அடிக்கடி காண்பர். குறிஞ்சி நிலத்துத் தினைப்புனத்தில் கிளியோட்டிய கன்னியர் கவண் ஏந்தினர் என்றும் அறிகின்றோம். ஆகவே பந்தும் எறிதலும் தமிழ்ப் பெண்ணுக்கு அயலானவை அல்ல. இடைக்காலத்தே அவள் கையினின்றும் அவை நழுவின என்பதே உண்மை.

கிரிக்கெட் ஆட்டமும் தொடக்கம் முதலே ஆடவர்க்கு மட்டும் உரியதாய் இருந்ததில்லை. இங்கிலாந்து நாட்டில் 1745ஆம் ஆண்டிலேயே மகளிர் இரு அணியாய்ப் பிரிந்து ஆடியதற்குச் சான்று உண்டு. மகளிருக்கான முதல் டெஸ்ட் ஆட்டம் 1934ஆம் ஆண்டின் இறுதியில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் நடைபெற்றது. உலகக் கோப்பைப் போட்டியைக்கூட மகளிரே முதலில் கண்டனர். அவர்களுடைய முதற்போட்டி 1973இல் நடந்தது. ஆடவர் உலகக் கோப்பையோ 1975இலேதான் தொடங்கிற்று.

ஒரு சங்கம் தோன்றியது

இந்தியாவில் மகளிர் கிரிக்கெட் சங்கம் 1973ஆம் ஆண்டு லக்னோ நகரில் நிறுவப்பெற்றது. மகேந்திர குமார் சர்மா என்பவர் அதன் செயலாளராய் இருந்து ஊக்கத்துடன் உழைத்தார். அவ்வாண்டிலேயே புனே நகரில் மாநிலங்களுக்கிடையே முதற்போட்டி நடந்தது. அதில் கலந்துகொண்டவை மூன்றே அணிகள். அவ்வாண்டின் இறுதியில் வாரணாசியில் நடந்த இரண்டாம் போட்டிக்கு எட்டு அணிகள் வந்தன. அதனை அடுத்துக் கல்கத்தாவில் நடந்த மூன்றாம் போட்டிக்குப் பதினான்கு அணிகள் வந்தன. மூன்று எட்டாகி, எட்டுப் பதினான்கான இவ்வளர்ச்சியை நோக்கின், நாடெங்கும் எத்துணைப் பெண்கள் இத்தகைய வாய்ப்புக்காகக் காத்திருந்தனர் என்பது புலனாகும்.

வாய்ப்பு வந்ததேயன்றி வசதி வரவில்லை. அக்காலத்து வீராங்கனையர் முன்பதிவில்லாத இரயில் பெட்டிகளில் பயணம் செய்தனர். பொதுக் கூடங்களில் தரையில் படுத்துறங்கினர். படுக்கையையும் ஆட்டப் பொருள்களையும் தாமே சுமந்து சென்றனர். அணி முழுமைக்கும் மூன்றே மட்டைகள் இருந்த காலமும் உண்டென அந்நாளில் அணியோடு பணியாற்றியோர் நினைவுகூர்ந்துள்ளனர். தொடக்க ஆட்டக்காரர் இருவரிடம் இரண்டு மட்டை; மூன்றாவதாக இறங்குபவரிடம் மற்றொன்று. முதலில் ஆட்டமிழந்து திரும்புபவரின் மட்டையே நான்காமவரின் கைக்குச் செல்லும். இதனைக் கேட்டு நகைப்பதா, நெகிழ்வதா என்று நாம் திகைக்கின்றோம்.

பெங்களூரில் முதற்களம்

இந்திய மகளிர் அணியின் முதல் அதிகாரப்பூர்வ டெஸ்ட் ஆட்டம் எங்கு நடந்தது தெரியுமா? நம் பெங்களூரிலேதான்! இன்று சின்னசாமி அரங்கம் என வழங்கும் மைதானத்தில், 1976ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் அவ்வாட்டம் தொடங்கியது. அதே அரங்கில் ஆடவரின் முதல் டெஸ்ட் நடந்து அப்போது இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. இரு முறையும் எதிர்த்து ஆட வந்தவர்கள் மேற்கிந்தியத் தீவினரே. அம்மகளிர் அணிக்கு லூயீஸ் பிரௌன் தலைவி. நம் அணிக்குச் சாந்தா அம்மையார் தலைவி. அவருக்கு அப்பொழுது வயது இருபத்திரண்டு. வலக்கை மட்டையாளராகவும், மிதவேகப் பந்து வீச்சாளராகவும் விளங்கிய அவர், இரு பொறுப்புகளோடு மூன்றாவதாகத் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார்.

அன்று அவருடன் களமிறங்கியோருள் சென்னையைச் சார்ந்து வளர்ந்த சுதா ஷாவும் ஒருவர். 1976 முதல் 1991 வரை இந்திய மகளிர் ஆடியவை மொத்தம் 21 டெஸ்ட் ஆட்டங்கள். அந்த 21இலும் ஒன்றைக்கூட விடாது ஆடியவர் இவர். தென்னாட்டுக்கு இது தனிப்பெருமை அன்றோ?

முதல் ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அக்காலத்து மகளிர் டெஸ்ட் ஆட்டங்கள் பல மூன்று நாள் அளவினவாய் இருந்தமையால், அவற்றுட் பெரும்பாலானவை அங்ஙனமே முடிந்தன என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். நான்கு இன்னிங்ஸ்களையும் அத்துணைக் குறுகிய காலத்துள் முடித்து வெற்றி காண்பது எளிதன்று.

பாட்னா வெற்றி

அவ்வரிய செயலும் அதே தொடரில் நிகழ்ந்தது. ஆறு ஆட்டங்கள் கொண்ட அத்தொடரின் நான்காம் ஆட்டம் 1976 நவம்பரில் பாட்னா நகரின் மொயினுல் ஹக் அரங்கில் நடந்தது. இருபத்தைந்தாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் திரண்டிருந்தனர் என்பர். தொலைக்காட்சி விளம்பரமும் பெருநிறுவனங்களின் ஆதரவும் இல்லாத அந்நாளில், பெண்கள் ஆடுவதைக் காண மக்கள் இவ்வாறு கூடினர் எனின், பார்வையாளர் இல்லை என்று பின்னாளில் சொல்லப்பட்ட காரணம் எத்துணை வலுவற்றது! அவ்வாட்டத்தில் சாந்தா அம்மையாரின் அணி ஐந்து விக்கெட் வேறுபாட்டில் வென்றது. இந்திய மகளிர் பெற்ற முதல் டெஸ்ட் வெற்றி அதுவே. ஜம்முவில் நடந்த இறுதி ஆட்டத்தில் மேற்கிந்தியர் வென்றமையால், தொடர் ஒன்றுக்கு ஒன்று எனச் சமநிலையில் நிறைவுற்றது.

இவ்வெற்றியின் அருமையைப் பின்வந்த காலமே உணர்த்திற்று. இந்திய மகளிர் தம் இரண்டாம் டெஸ்ட் வெற்றியை 2002ஆம் ஆண்டில், தென்னாப்பிரிக்காவின் பார்ல் நகரில் பெற்றனர். இடையே கழிந்தவை இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேல். ஒரு தலைமுறை முழுதும் பாட்னா வெற்றி ஒன்றையே தன் அணிகலனாய்க் கொண்டு வாழ்ந்தது.

முதல் சதம்

அடுத்து அணி கடல் கடந்தது. 1977 ஜனவரியில் நியூசிலாந்தின் டனீடின் நகரில் நடந்த டெஸ்டில் சாந்தா அம்மையார் 108 ஓட்டங்கள் குவித்தார். இந்தியப் பெண் ஒருவர் டெஸ்ட் ஆட்டத்தில் அடித்த முதல் சதம் இஃதே. அப்பயணத்தின் தொடர்ச்சியாக ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நடந்த ஒரே டெஸ்டில் நம்மவர் தோல்வியுற்றனர். எனினும் 1976ஆம் ஆண்டுக்குரிய அருச்சுனா விருது அம்மையாரைத் தேடி வந்தது. அவ்விருதைப் பெற்ற முதல் கிரிக்கெட் வீராங்கனை அவரே. இருபத்து மூன்று வயதிற்குள் முதல் டெஸ்ட் தலைவி, முதல் டெஸ்ட் வெற்றி, முதல் சதம், முதல் விருது என நான்கு முதன்மைகள் அவருக்கு வாய்த்தன.

ஏழாண்டு வெறுமை

இனி நாம் கூறப்போவதே இவ்வரலாற்றின் உயிர்நிலை. பெர்த் நகரில் 1977 ஜனவரியில் ஆடிய இந்திய மகளிர், தம் அடுத்த டெஸ்ட் ஆட்டத்தை எப்போது ஆடினர்? 1984ஆம் ஆண்டில்! ஏழாண்டுகள் ஒரு டெஸ்டேனும் இல்லை. ஆட்டக்காரர் ஒருவரின் கண்ணும் கையும் காலும் ஒருசேர வலிமை பெற்றிருக்கும் பருவம் இருபத்து மூன்று முதல் முப்பது வரை என்பர். அப்பருவம் முழுவதும் அம்மையாருக்கு டெஸ்ட் களமே கிடைக்கவில்லை. திறமை குன்றியதால் அன்று. உடல் தளர்ந்ததால் அன்று. ஆட்டங்களே ஏற்பாடு செய்யப்படாமையால்.

ஒப்பு நோக்கினால் இதன் கொடுமை விளங்கும். ஆடவருள் புகழ்பெற்ற சுனில் கவாஸ்கர் 1971 முதல் 1987 வரை பதினாறு ஆண்டுகளில் 125 டெஸ்ட் ஆடினார். சாந்தா அம்மையார் 1976 முதல் 1991 வரை பதினைந்து ஆண்டுகளில் ஆடியவை 16 டெஸ்ட் மட்டுமே. இருவரும் ஒரே நாட்டினர். ஏறத்தாழ ஒரே காலத்தினர். ஒருவருக்கு மழை பெய்தது. மற்றவருக்கு வானம் பார்த்த பூமி.

இதற்குக் காரணம் யாது? மகளிர் சங்கம் அந்நாளில் தனித்தியங்கிய அமைப்பு. அதனிடம் செல்வமும் இல்லை. சொந்த அரங்கமும் இல்லை. டெஸ்ட் ஆடும் மகளிர் அணிகள் உலகில் மிகச் சிலவே இருந்தன; ஓரணி கடல் கடந்து வருவதற்கும் செல்வதற்கும் பெரும்பொருள் வேண்டும். 1988இல் ஆஸ்திரேலியாவில் நடந்த உலகக் கோப்பையில் இந்தியா கலந்துகொள்ளவே இல்லை. இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத்தோடு மகளிர் அமைப்பு இணைந்தது 2006ஆம் ஆண்டிலேதான்.

எனினும் அம்மையார் களத்தை விட்டு அகலவில்லை. 1982இல் நியூசிலாந்தில் நடந்த உலகக் கோப்பையில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். ஐந்து அணிகள் ஆடிய அப்போட்டியில், நம்மவர் பன்னிரண்டு ஆட்டங்களுள் நான்கில் வென்று நான்காம் இடம் பெற்றனர். 1984இல் ஆஸ்திரேலிய மகளிர் இந்தியா வந்தபோது, நான்கு டெஸ்ட் ஆட்டங்களிலும் அம்மையாரே தலைவி. நான்கும் வெற்றி தோல்வியின்றி முடிந்தன. உலகின் வலிமைமிக்க அணி ஒன்று, ஏழாண்டு டெஸ்ட் ஆடாத ஓர் அணியை வெல்ல இயலாமற் சென்றது என்பதை அவ்வெண்களுக்குள் நாம் படித்தல் வேண்டும்.

அம்மையாரின் இறுதி டெஸ்ட் 1991ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய மண்ணில் நடந்தது. அப்பொழுது அவருக்கு வயது முப்பத்தேழு.

எண்களும் அளவுகோலும்

அவருடைய கணக்கைச் சுருங்கக் கூறின்: 16 டெஸ்ட், 750 ஓட்டங்கள், சராசரி 32.60, ஒரு சதம், 21 விக்கெட்டுகள். ஒருநாள் ஆட்டங்கள் 19. அவற்றில் 287 ஓட்டங்களும் 12 விக்கெட்டுகளும். அணிக்குத் தலைமை தாங்கியவை 12 டெஸ்ட், 16 ஒருநாள் ஆட்டங்கள். டெஸ்டில் வெற்றி ஒன்று, தோல்வி இரண்டு, எஞ்சிய ஒன்பதும் முடிவின்றி நின்றவை.

இன்றைய அளவுகோலைக் கொண்டு அளப்போர்க்கு இவை சிறியனவாகத் தோன்றலாம். ஒருநாள் ஆட்டங்களில் அவர் எடுத்த ஓட்டங்கள் அவருடைய டெஸ்ட் திறமைக்கு ஈடானவை அல்ல என்பதும் மெய்யே. புகழ்ச்சி மிகுதியால் அதனை மறைத்தல் தகாது. ஆயினும் கிணறு வெட்டியவன் எத்தனைக் குடம் நீர் குடித்தான் என்று எவரும் கணக்கிடுவதில்லை. அவன் வெட்டிய கிணற்றில் ஊர் எத்தனை காலம் நீர் இறைத்தது என்பதே கணக்கு.

அக்கணக்கைப் பார்ப்போம். சென்னையைச் சேர்ந்த திருஷ் காமினி, உலகக் கோப்பையில் சதம் அடித்த முதல் இந்தியப் பெண் என்னும் சிறப்பை 2013இல் பெற்றார்; மறு ஆண்டில் மைசூர் டெஸ்டில் 192 ஓட்டங்கள் குவித்தார். 2022 அக்டோபரில் ஆடவர்க்கும் மகளிர்க்கும் ஆட்ட ஊதியம் ஒன்றே என வாரியம் அறிவித்தது. அதன்படி டெஸ்ட் ஒன்றுக்கு 15 இலட்சம் ரூபாய். 2024இல் சென்னைச் சேப்பாக்கத்தில் இந்திய மகளிர் 6 விக்கெட் இழப்புக்கு 603 ஓட்டங்கள் எடுத்துத் தென்னாப்பிரிக்காவைப் பத்து விக்கெட் வேறுபாட்டில் வென்றனர். முடிவாக 2025 நவம்பர் 2ஆம் நாள் நவி மும்பையில் ஹர்மன்பிரீத் கௌர் தலைமையில் உலகக் கோப்பையையே வென்றனர். அவ்விரவில் நம் குடியிருப்பிலும் வெடி முழங்கியது, இனிப்பு வழங்கப்பட்டது. மூன்று மட்டைகளோடு தொடங்கிய பயணம் அன்று கோப்பையை எட்டியது.

களத்துக்குப் பின்னும் தொண்டு

ஆட்டத்தினின்றும் ஓய்வு பெற்றதும் அம்மையார் அதனை மறந்து ஒதுங்கினார் அல்லர். கனரா வங்கியில் பணியாற்றி உயர்ந்த பொறுப்பு வகித்துக்கொண்டே, மகளிர் கிரிக்கெட்டைப் பற்றி எழுதியும் பேசியும் வந்தார். மகளிர்க்கான வாழ்நாள் சாதனை விருதை 2017இல் வாரியம் முதன்முறையாக வழங்கியபோது, அது அவருக்கே உரித்தாயிற்று. 2019இல் ஆடவர் அணியின் தலைமைப் பயிற்சியாளரைத் தெரிவு செய்த மூவர் குழுவில், கபில் தேவ், அன்ஷுமன் கெய்க்வாட் ஆகியோருடன் அவரும் அமர்ந்தார். பெண்களுக்கு மட்டையும் மைதானமும் மறுத்த அமைப்புலகம், ஆடவர்க்கு ஆசானைத் தேர்ந்தெடுக்க ஒரு பெண்ணின் அறிவை நாடிய நாள் அது. அதே ஆண்டில் முன்னாள் வீராங்கனையரின் பிரதிநிதியாக வாரியத்தின் உயர்மட்டக் குழுவிலும் இடம் பெற்றார்.

நமக்குரிய பாடம்

இவ்வரலாற்றினின்றும் நாம் கொள்ள வேண்டுவது யாது? வெற்றி பெற்றவரைப் போற்றுவது எளிது. வெற்றி வருவதற்கு முன்னரே வாயிலைத் திறந்து வைப்பதுதான் அரிது. சாந்தா அம்மையாருக்குக் குறைந்தது திறமை அன்று, வாய்ப்பே. அத்தகைய ஏழாண்டு வெறுமை இன்றும் நம் பெண்மக்கள் பலரின் வாழ்வில் வந்து நிற்கிறது. நாட்டு அணியில் அன்று, வீட்டு வாயிலில்!

பிழைப்பு நாடி ஊர் விட்டு வந்த குடும்பங்கள் நாம். தொழிற்சாலை முறை வேலையும் வாடகை வீடும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமுமே நம் சிந்தனையை நிரப்புகின்றன. பத்து வயது வரை தமையனோடு தெருவில் பந்தெறியும் சிறுமி, பன்னிரண்டு பதின்மூன்று வயதில் மெல்ல உள்ளே அழைக்கப்படுகிறாள். "போதும் விளையாடியது, வீட்டிலே வேலை இருக்கிறது" என்னும் ஒரு சொல்லோடு அவள் ஆட்டம் முடிகிறது. எவரும் அவளைத் தண்டிக்கவில்லை. எவரும் அவள்மீது அன்பில்லாதவர் அல்லர். ஆயினும் அவளுக்குரிய ஆண்டுகள் கழிகின்றன. கழிந்த ஆண்டுகளை எந்த வாரியமும் திருப்பித் தரவியலாது.

ஆண்டு விழாக்கள் பலவற்றிலும் ஆண் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் போட்டியும், பெண் பிள்ளைகளுக்கு எலுமிச்சம்பழக் கரண்டி ஓட்டமும் கோலப்போட்டியும் வைப்பது வழக்கம். கோலம் நற்கலை, அதனைக் குறைகூறுவார் யார்? அதனோடு ஒரு மட்டையையும் வைப்போம் என்பதே நம் வேண்டுகோள். அடுத்த ஆண்டு விழாவில் சிறுமியர்க்கென ஓர் ஆட்டம் அமைப்போம். மைதானத்தில் ஞாயிறு காலை ஒரு மணி நேரம் அவர்களுக்கென ஒதுக்குவோம். தந்தையர் பந்து வீசட்டும். தாய்மார் கரையில் நின்று கைதட்டட்டும். அனைவரும் நாட்டுக்கு ஆடுவர் என்பதற்காக அன்று. ஆடும் உரிமை அவர்களுக்கும் உண்டு என்பதற்காக.

1976ஆம் ஆண்டு அக்டோபரின் கடைசி நாளில் இருபத்திரண்டு வயது மங்கை ஒருத்தி பதினொருவர் அணியை நடத்திக்கொண்டு பெங்களூர்ப் புல்வெளியில் அடியெடுத்து வைத்தாள். அவ்வரங்கம் நம் குடியிருப்பிலிருந்து பேருந்தில் சென்று திரும்பும் தொலைவிலேதான் உள்ளது. பெற்றோர்களே, ஒரு விடுமுறை நாளில் உங்கள் பெண்மக்களை அவ்வழியே அழைத்துச் செல்லுங்கள். இங்கேதான் தொடங்கிற்று என்று காட்டுங்கள். சாந்தா ரங்கசாமி என்னும் பெயரைச் சொல்லிக் கொடுங்கள்.

வாழ்க மகளிர் ஆற்றல்! வளர்க நம் இளையோர் நலம்!